புஷ்பலதா அக்கா வளர்த்த மீன்கள்

புஷ்பலதா அக்கா இறந்த செய்தி முதலாளியின் வாட்ஸ்அப்பில்தான் எனக்கு வந்தது. பச்சை இலைகளுக்கு நடுவே அக்காவின் முகம். கீழே, ‘எங்கள் பசுமைப் பயணத்தின் தாய்’. அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

அருமனைப் பக்கத்து ரப்பர் பால் ஆலையில் எங்களோடு இருந்தவர்களுக்கு அக்காவைத் தெரியும். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பொறுப்பு அவருடையது. சுத்தமான நீர் வந்து சேரும் கடைசித் தொட்டியில் மீன் வளர்த்தார். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் அந்த மீன்களைப் பார்த்து நம்பித்தான் முதல் ஆர்டர் தந்தார்கள். “தண்ணி நல்லா இருந்தா யாவாரமும் தன்னால நல்லா இருக்கும், மக்கா” என்பார். அப்படியே நடந்தது, ஆலை இரட்டிப்பாக வளர்ந்தது.

ஆறு கடக்கும்வரைதானே அண்ணன் தம்பி? ஆர்டர் நிலைத்ததும் கரண்ட் பில் முதலாளியின் கண்ணை உறுத்தியது. தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார்களை நிறுத்தினார். கழிவு அப்படியே ஓடையில் இறங்கியது, மீன்கள் செத்தன. வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வரும் காலையில் மட்டும் மோட்டார் ஓடும், புது மீன் வாளியில் வரும்.

ஒருமுறை டிரைவர் இராஜாக்கமங்கலம் போய் உயிரோடு கடல் மீனை வாங்கிவந்து தொட்டியில் விட்டுவிட்டான். வந்தவர்கள் டீ குடிப்பதற்குள் எல்லாம் மல்லாந்தன. “நல்ல தண்ணியில கடல் மீனு பொழைக்குமாலே? பொய் சொல்லவும் ஒரு படிப்பு வேணும்” என்று அக்கா சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. அக்காவின் கவனக்குறைவு என்று வந்தவர்களிடம் சொல்லி, அவரைப் பேக்கிங்குக்குத் தூக்கிப் போட்டார். வேலையை விட்டுவிடுங்கள் என்றேன். “நான் போனா அவனுக்கு நிம்மதி ஆயிரும். போவ மாட்டேன்” என்றார். கடைசிவரை போகவில்லை.

போன வாரம் ஆலையில் இரங்கல் கூட்டம். வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் அக்கா பெயரில் ஒரு மாங்கன்று நட்டார் முதலாளி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொல்லும்படி என்னிடம் சொன்னார். ஏற்றுமதிப் பிரிவில் இருந்தவள் நான், சொன்னேன். மோட்டார், ஓடை, வாளி மீன், பேக்கிங், ஒன்றையும் விடவில்லை. அவர் முகம் வெளிறுவதைப் பார்த்துக்கொண்டே பேசினேன். வெளிநாட்டுக்காரர்கள், மோட்டார் ஓடிய மணிக்கணக்கைப் பார்க்க நேராக மோட்டார் அறைக்கு நடந்தார்கள்.

ஆர்டர் போய்விட்டது, என் வேலையும் போய்விட்டது. ஆலையில் இன்னும் இருக்கும் உங்களில் சிலருக்கும் போகலாம். என்னைத் திட்டுகிறவர்கள் திட்டுங்கள். அக்கா கொண்டுவந்த ஆர்டர் அது, அக்காவோடு போகட்டும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: அந்த மனிதனை மன்னிக்காத மனம்.