மீனோடு சேராத வைன்

அந்த பாட்டிலை மாமா ஒரு லுங்கியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். என் அக்காவின் கணவர், கப்பலில் சமையல்காரர். ஊர் திரும்பும்போதெல்லாம் எங்கள் முகத்துவாரக்குப்பம் வீட்டுக்கு எதையாவது தூக்கிக்கொண்டு வந்து, அதைப் பற்றி ஒரு பிரசங்கமும் வைப்பார். அந்த முறை ஜெர்மனியின் சிவப்பு வைன். லேபிளில் விரலை வைத்து, "ட்ரோக்கன்னு போட்டுக்கீது பாரு பாப்பா. துளி இனிப்பு இருக்காது. வாத்துக்கறி, ஆட்டுக்கறி வறுவல், காளான், இதுங்களோட துன்னா அப்டியே தூக்கும். மீனோட மட்டும் கூடாது. இரும்பக் கடிச்ச மாதிரி ஆயிடும்" என்றார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மிளகு போட்டு ஆட்டுக்கறியை மாமாவே அடுப்பில் ஏற்றியிருந்தார். அது வேகுமுன் நைனா கழிமுகத்திலிருந்து மடவை மீனோடு வந்துவிட்டார். எங்கள் வீட்டில் மருமகன் வந்திருக்கும் நாளில் மாமனார் பிடித்த மீன்தான் முதலில் அவர் தட்டில் விழவேண்டும். வேண்டாம் என்றால் மாமனாரின் வலையையே பழித்த மாதிரி. குழம்பு கொதித்ததும் நைனா மாமாவுக்கு இரண்டு துண்டு வைத்தார். ஏழு மாதக் கர்ப்பிணியான அக்காவுக்கு அதைவிடப் பெரியதாக வைத்தார்.

மாமா ஒரு வாய் மீன் தின்றார். கொஞ்சம் நிதானித்து, அவசரமாக வைனை ஒரு மடக்கு குடித்தார். முகத்தைச் சுளித்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். "சொன்னேன்ல? வைனு வேலையக் காட்டிடுச்சு!" நைனாவும் வாங்கிக் குடித்துப் பார்த்து, "அட ஆமா மாப்ளே, இரும்பேதான்" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அக்காவும் நானும் அந்த வைனைத் தொடவே இல்லை. ஆனால் என் வாயிலும் இரும்பு. அக்கா தன் துண்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். நைனாவின் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாளே, ஆஸ்பத்திரி பக்கம் என்று சொல்லி மாமா அக்காவை எம்.கே.பி. நகருக்குக் கூட்டிப்போய்விட்டார். அதன்பின் எங்கள் வீட்டுக்கு வந்தால் அவருக்கு வயிறு சரியிருக்காது. மோர் மட்டும் குடிப்பார். நாங்கள் தினமும் அதே மீனைத் தின்றோம். கொஞ்ச நாளில் எனக்கு அந்த இரும்பு ருசியே தெரியாமல் போயிற்று. கல்யாணமாகி வேறு ஊர் போகும்வரை தின்றேன்.

இப்போது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்காக நைனா வீட்டுக்கு வந்திருக்கிறேன். அனல்மின் நிலையத்துக் கழிவு வந்து விழும் கழிமுகத்துத் தண்ணீர் சாம்பல் கரைத்த நிறத்தில் கிடக்கிறது. காலை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது. வந்த அன்றே முதல் வாயில் அந்த இரும்பு திரும்பிவிட்டது. நேற்று கப்பலில் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டேன்.

"அன்னிக்கு வைன்தானா மாமா?"

"இல்ல பாப்பா. வைனக் குடிக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுச்சு. ஒங்க நைனா மூஞ்சியப் பாத்து எப்டிச் சொல்றது? அதான் வைனு மேல பழியப் போட்டேன்."

நல்ல மனிதர்தான். இன்றும் அவர்மேல் எனக்கு அன்பு உண்டு. ஆனால் அவர் தன் பெண்டாட்டியை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். என்னை அந்தத் தட்டின் முன்னால் விட்டுவிட்டுப் போனார்.

இன்று மதியம் நைனா பெரிய துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தார்.

"துன்னும்மா. புள்ளைக்கு நல்லது."

"வேணாம் நைனா. இரும்பு வருது. அன்னிக்கும் மீனுதான், வைன் இல்ல."

நைனா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு விள்ளல் வாயில் போட்டு, கண்ணை மூடி மெதுவாக மென்றார். இன்னொரு விள்ளல் எடுத்தார். பிறகு பயந்தவர்போல என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரிலியேம்மா."