டாங்க்குக்கு வைத்த எலுமிச்சம்பழம்

போன ஆயுத பூஜையன்று என்னை ஒரு எலுமிச்சம்பழம் தோற்கடித்தது.

சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமான பழம். வல்லக்கோட்டை முருகன் சன்னதியில் வைத்து எடுத்து வந்த பழம். அதுவும் நானே வலியப் போய்த் தேடிக்கொண்ட தோல்வி.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என் டாங்க் பைத்தியம் தெரிந்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ரீபெரும்புதூர் சாலையில், டிராக்டர் பாகங்கள் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் எனக்கு டிராயிங் செக்‌ஷனில் வேலை. வேலையும் எழுத்தும் போக மிச்சமிருக்கும் நேரத்தில் ராணுவ டாங்க் செய்கிறேன்.

நிஜ டாங்க் இல்லை. அதற்கு ஆவடியில் ஆள் இருக்கிறார்கள். என்னுடையது ஒரு சாண் நீளம். நிஜத்தில் முப்பத்தைந்து அங்குலம் இருந்தால் என்னுடையதில் ஓர் அங்குலம். எழுபத்தொன்று யுத்தத்தின்போது நான் தேசத்துக்குச் செய்த ஒரே சேவை, பேப்பரில் வந்த டாங்க் படங்களைக் கத்தரித்து நோட்டில் ஒட்டியது. அந்த நோய்தான் முற்றி இப்படி ஆகிவிட்டது.

சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் ஒருமுறை வந்தபோது எல்லோருக்கும் சென்ட், புடவை. எனக்கு மட்டும் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே செஞ்சூரியன் டாங்க் — பிளாஸ்டிக் துண்டு துண்டாக! 'மாமாவுக்கு விளையாட்டுச் சாமான்' என்று வீடே சிரித்தது. நானோ அன்றைக்கு ராத்திரியே பெட்டியைப் பிரித்து உட்கார்ந்துவிட்டேன்.

விளையாட்டா அது? ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களை எல்லாம் தின்றது. பசை கொஞ்சம் கூடினால் பிளாஸ்டிக் உருகிவிடும். குறைந்தால் மறுநாள் கழன்றுவிடும். அரிசி மணியைவிடச் சின்னப் பாகத்தை முள்வாங்கியில் பிடித்து, மூச்சை அடக்கி, இடத்துக்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்துத்தான் தும்மல் வரும். துப்பாக்கியின் கைப்பிடி ஒன்று தரையில் விழுந்து, நான் டார்ச் எடுத்து வருவதற்குள் என் மனைவி பெருக்கித் தள்ளிவிட்டாள்.

"ஏங்க, குப்பைன்னு நெனச்சுப் பெருக்கினேன். இன்னா பெரிய துப்பாக்கி, எறும்பு தூக்கினு போற சைசுல!" என்றாள்.

கடைசியில் துடைப்பத்திலிருந்தே ஓர் ஈர்க்குச்சியை உருவி, சீவி, அந்தக் கைப்பிடியைச் செய்தேன். ஏரியலும் ஈர்க்குச்சிதான். முன்விளக்குக் கண்ணாடிக்கு என் பழைய நெஞ்சு எக்ஸ்ரே. சக்கரத்துப் புழுதிக்கு, செங்கல் பொடியோடு முகப் பவுடர்.

இவ்வளவு பாடு எதற்கு? கேட்பீர்கள் என்று தெரியும். பெயின்ட் காய்ந்த அன்றைக்கு, மேஜை மட்டத்துக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு நொடி... அந்த ஒரு சாண் பொருள் ஐம்பது டன் ஆகிவிடும். மேஜைவிரிப்பின் மடிப்பு மேடாகிவிடும். 'நான் செய்தேன்' என்று அப்போது உள்ளுக்குள் ஒரு குரல் கேட்குமே — அதற்காகத்தான்.

அந்தக் குரலை மற்றவர்களும் கேட்கும்படி ஒரு வசதி கிடைத்தது. எங்கள் முதலாளி என் டாங்க்கைப் பார்த்துவிட்டு, ஆபீஸ் வாசலில் இருந்த கண்ணாடி அலமாரியில் வைக்கச் சொன்னார். மூன்று வருஷம் அங்கேதான் இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள். "யார் செய்தது?" என்பார்கள். நான் அந்தப் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல நடப்பேன். வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜைக்கு மட்டும் டாங்க் வெளியே வந்து பூஜை மேஜையில் உட்காரும்.

இப்படி ராஜாவாக இருந்த என் வாழ்க்கையில்தான் ஆரோக்கியராஜ் வந்தான்.

டூல்ரூம் ஃபிட்டர். சேரப்பணஞ்சேரிக்காரன். டிசம்பர் வந்தால் அவர்கள் கோயிலில் கிறிஸ்மஸ் குடில் கட்டுவது அவன்தான். ஒட்டகத்துக்கு முழங்கால் மடங்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். என் கண்ணாடி அலமாரி முன்னால் அவன் அடிக்கடி நிற்பான். எனக்கு ஒரு ரசிகன் கிடைத்த சந்தோஷத்தில் நோட்டில் ஒட்டியிருந்த படங்களை எல்லாம் காட்டினேன். அளவுகள்கூடச் சொன்னேன். என் புத்தியை என்னவென்று சொல்ல?

இந்த வருஷம் பூஜைக்கு முந்தின நாள் ஒரு துணிப்பையோடு என் மேஜைக்கு வந்தான்.

"சார், சிரிக்கக் கூடாது. நானும் ஒண்ணு செஞ்சுகினு வந்துகீறேன்."

பையிலிருந்து எடுத்து வைத்தான். அதே செஞ்சூரியன். அதே ஒரு சாண். ஆனால் பிளாஸ்டிக் இல்லை. பால் பவுடர் டின் தகரம். வெட்டி, மடக்கி, பற்றவைத்து, அரத்தால் தேய்த்து... உள்ளே ஈயம் உருக்கி ஊற்றியிருந்தான். தூக்கினால் கை கீழே இழுத்தது.

அதுகூடப் பரவாயில்லை. சக்கரத்தைச் சுற்றி ஓடும் இரும்புப்பட்டை இருக்கிறதே, அதை ஒவ்வொரு கண்ணியாகத் தகரத்தில் வெட்டி, கம்பி கோத்திருந்தான்.

"ஒரு பக்கத்துக்கு எத்தனை?" என்று கேட்டேன்.

"நூத்தியெட்டு சார். உங்க படத்துல எண்ணிப் பாத்தேன்."

நூற்றெட்டு! அர்ச்சனைக் கணக்கு! நாங்கள் முருகனுக்குப் பூவாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். இவன் தகரத்தில் செய்திருக்கிறான். இரண்டு பக்கமும். மேஜைமேல் தள்ளினால் பட்டை சலசலவென்று ஓடியது. என் டாங்க்கின் பட்டை ரப்பர் மாதிரி ஒரே துண்டு. பசை போட்டு ஒட்டியாயிற்று. இந்த ஜென்மத்தில் நகராது.

"நல்லாருக்குப்பா" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நான் பட்ட பாடு, ஒரு வருஷம் முள்வாங்கி பிடித்த பாட்டைவிடப் பெரிது.

குறை தேடினேன். மறைப்பானேன்? ஸ்கேல் எடுத்து அளந்தேன். பீரங்கி கால் அங்குலம் கூடுதலாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன். சரியாக இருந்தது. என்னைவிடப் படித்தவன், என்னைவிட அதிகச் சம்பளக்காரன் யார்மேலும் எனக்கு இப்படி எரிந்ததில்லை. என் படத்தைப் பார்த்து, என் அளவை வாங்கி, என்னைவிட நன்றாகச் செய்தவன்மேல் எரிந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு ரெண்டையும் வைங்க. எது நல்லா இருக்கோ அது அலமாரிக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பூஜை. லேத்துக்கு மாலை, மில்லிங் மெஷினுக்கு வாழைக்கன்று, டைப்ரைட்டருக்குச் சந்தனம். இரண்டு டாங்க்கும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டுக்கும் யாரோ சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். முப்பத்தைந்தால் பெருக்கிப் பார்த்தால் தாம்பாளம் அகலப் பொட்டு!

எங்கள் வேன் டிரைவர் ஏகாம்பரம் ஒரு தட்டு நிறைய எலுமிச்சம்பழத்தோடு வந்தார். வண்டிச் சக்கரத்தடியில் வைத்து நசுக்குவது அவர் இலாகா. வேனுக்கு ஆயிற்று. லாரிக்கு ஆயிற்று. முதலாளி காருக்கு ஆயிற்று. பழம் மீந்திருந்தது. மேஜைப் பக்கம் பார்த்தார்.

"சார், இதுங்களும் வண்டிதானே. வைக்கலாமா?"

சுற்றிப் பார்த்தேன். ஆரோக்கியராஜ் ஷெட்டில் பெஞ்ச் தூக்கிக்கொண்டிருந்தான். பழத்தைப் பார்த்தேன். நிஜ அளவுக்குக் கணக்குப் போட்டால் நாலரை அடி உயரப் பாறை. எந்த டாங்க் ஏறும்? அதிலும் மெல்லிய கம்பியில் கோத்த நூற்றெட்டுக் கண்ணி... ஒன்று விட்டாலும் எல்லாம் உதிரும்.

வாசகர்களே, நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. வேறொன்று வந்தது.

"வண்டின்னா வண்டிதான் ஏகாம்பரம். அந்தத் தகர டாங்க்குக்கு வைங்க."

அவர் பழத்தை வைத்தார். டாங்க்கை மேலே ஏற்றி, உள்ளங்கையை வைத்து ஒரே அமுக்கு. பழம் பிளந்து சாறு தெறித்தது. டாங்க் பிளந்த பழத்தின்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, இரண்டு அங்குலம் ஓடி நின்றது. ஒரு கண்ணி பிசகவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மொத்த ஷிஃப்டும் கை தட்டியது.

நான் இன்னும் அந்தக் கைதட்டலில் வெந்துகொண்டிருந்தேன். அதற்குள் ஏகாம்பரம் அடுத்த பழத்தை எடுத்துவிட்டார்.

"ஏகாம்பரம், அது வேணாம்... அது வேற..."

"அட, இன்னா சார் நீங்க! ஒண்ணுக்கு வெச்சுட்டு ஒண்ண வுட்டா ஆவாது. முருகன் கோயில் பழம் சார்!"

அமுக்கினார்.

மளுக்.

அடித்தட்டு இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கத்துப் பட்டை அறுந்து தெறித்தது. சக்கரங்கள் மேஜையெங்கும் உருண்டு தரையில் விழுந்தன. என் ஈர்க்குச்சி ஏரியல் முறிந்தது. எலுமிச்சம்பழம்? ஒரு கீறல் இல்லாமல் உருண்டு போய், தகர டாங்க்கின் காலடியில் நின்றது.

பெஞ்சைப் போட்டுவிட்டு ஓடி வந்த ஆரோக்கியராஜ், "யாரு வெச்சது? இன்னாண்ணே இது!" என்று கத்தினான்.

ஏகாம்பரம் பாவம், சூதுவாது தெரியாத மனிதர். "சார்தாம்ப்பா உன் டாங்க்குக்கு வைக்கச் சொன்னாரு. அவருக்கும் வைக்கணுமேன்னு வெச்சேன்" என்றார்.

ஆரோக்கியராஜ் என்னைப் பார்த்தான். 'உன் டாங்க்குக்கு' என்ற வார்த்தை அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும், அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது புரிந்துவிட்டது. அவன் சிரித்திருந்தால் தேவலை. சண்டை போட்டிருந்தால் இன்னும் தேவலை. அவனோ கீழே உட்கார்ந்து, சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்தான்.

"குடுங்க சார். நான் பாத்துக்கறேன்."

அன்று சாயங்காலமே அவனுடைய டாங்க் சந்தனப் பொட்டோடு அலமாரிக்குள் போயிற்று. அந்தப் பக்கம் எனக்கு எந்த வேலையும் இல்லாமல் போயிற்று.

நேற்று என் டாங்க்கைக் கொண்டுவந்து கொடுத்தான். பிளந்த அடித்தட்டுக்குத் தகரத்தில் ஒட்டுப் போட்டு, மேலே என்னுடைய பச்சையை அப்படியே கலந்து அடித்திருந்தான். அறுந்த பக்கத்துக்குப் புதுப் பட்டை. நூற்றெட்டுத் தகரக் கண்ணி. சக்கரங்கள் சுழலும்படி அச்சுக்கூட மாற்றியிருந்தான். என் டாங்க்கிலேயே அழகான பக்கம் இப்போது அதுதான். அதைப் பார்த்தும் எனக்கு எரிந்தது. இது என்ன வியாதியோ!

"ஆரோக்கியம்... அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"வுடு சார்" என்றான். மூன்று வருஷமாக மரியாதை குறையாத வாயிலிருந்து முதல் தடவையாக 'வுடு'. எனக்கு அது வேண்டியதுதான். "அந்தப் பக்கமும் செஞ்சு குடுத்துடவா?"

"வேணாம்ப்பா. நானே செஞ்சுக்கறேன்."

ரோஷத்தில் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து தகரமும் கத்திரியுமாக உட்கார்ந்தேன். விரல் இரண்டில் வெட்டு. பதினோரு கண்ணி முடிந்திருக்கிறது. இன்னும் தொண்ணூற்றேழு.

அதுவரை என் டாங்க்கைத் தள்ளினால், அவன் செய்த பக்கம் மட்டும் ஓடுகிறது. நான் ஒட்டிய பக்கம் அசைவதில்லை. அதனால் நேரே போகாமல், நின்ற இடத்திலேயே வட்டமடிக்கிறது.

பொறாமைக்காரன் வண்டி வேறு எப்படி ஓடும்?