படத்தைத் தொடச் சொன்ன பக்கம்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை வாட்ச்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் இணையதளம் செய்து தரும் சின்ன நிறுவனம் அது. பக்கத்தின் அடியில் "எங்களுக்கு எழுதுங்கள்" என்று ஒரு படிவம் இருக்குமே, அதில் பொய்ப்பெயரில் விளம்பரத்தைக் கொட்டிவிட்டுப் போகும் தானியங்கி நிரல்களை விரட்டுவது அவள் வேலை. பன்னிரண்டு வருஷமாக அதில் கை பழகியவள்.

அவளுடைய அண்ணன் ஒரு நாள் காலை மருந்துக்கடைக்குப் போனவன் திரும்பவில்லை. மனசு சரியில்லாமல் நாலைந்து வருஷமாக மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தவன். போலீஸ், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் என்று அலைந்து ஓய்ந்தபின் அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். அவன் புகைப்படத்தோடு ஒரு பக்கம்; கீழே, "இவரைப் பார்த்தால் எழுதுங்கள்" என்று ஒரு படிவம். வேண்டாத ஆட்கள் கூப்பிட்டு வம்பு செய்வார்கள் என்று தொலைபேசி எண் போடவில்லை.

படிவத்தில் எது வந்தாலும் அம்மாவின் கைபேசியும் ஒலிக்கும். அம்மாதான் அப்படிக் கேட்டிருந்தாள். பத்தே நாளில் நிரல்கள் பக்கத்தை மோப்பம் பிடித்துவிட்டன. முடி வளரும் எண்ணெய், மூட்டுவலிப் பட்டை என்று நாளைக்கு இருநூறு வந்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவாள். கண்ணாடியை மாட்டி, எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.

"என்னடி, 'உங்கள் காத்திருப்பு முடிந்தது'ன்னு போட்டிருக்கான். அண்ணனப் பத்தியா?"

"இல்லம்மா. எண்ணெய் விளம்பரம்."

அம்மா இளைத்துத் துரும்பாகிப் போனாள். இதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், அவள் படிவத்துக்கு ஒரு பூட்டுப் போட்டாள். ஒன்பது சின்னப் படங்களில் போக்குவரத்து விளக்கு உள்ளவற்றை மட்டும் தொட்டால்தான் செய்தி போகும். சத்தம் சட்டென்று நின்றது. அம்மா வயிறார ஒரு வேளை சாப்பிட்டாள்.

ஐந்து வாரம் கழித்து அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி வந்தது. தூரத்து ஊரில் லாண்டரி கடை வைத்திருக்கும் பெரியவர். பக்கத்தின் அடியில் நிறுவனத்தின் பெயர் இருப்பதைக் கவனித்து, முந்தின நாள் அவரைப் பார்க்க வந்த மகள் எண்ணைத் தேடி எடுத்திருக்கிறாள்.

"அந்தத் தம்பி எங்க கடைக்குப் பின்னாலதாம்மா படுத்திருந்தாரு, பதினோரு நாள். போட்டோவைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. எழுதி அனுப்பலாம்னா, விளக்குப் படத்தைத் தொடு தொடுங்குது. எனக்குக் கண்புரைம்மா. எதைத் தொட்டாலும் தப்புங்குது."

"இப்ப எங்க இருக்காருங்க?"



"காய்ச்சல்மா. நாந்தான் ஆஸ்பத்திரில சேர்த்தேன். முந்தாநாள் தவறிட்டாரு."

கிளம்புவதற்கு முன் அவள் படிவத்தின் பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். ஒரே கைபேசி, மூன்று நாளில் பதினேழு முயற்சி. பதினேழுக்கும் நேராக, "மனிதர் அல்ல" என்று அவளே வைத்த குறிப்பு. அண்ணன் உயிரோடு இருந்த நாட்கள் அவை.

பிணவறையில் அடையாளம் காட்டிவிட்டு வந்தவள், நடந்ததை அம்மாவிடம் மறைக்கவில்லை. பூட்டுப் போட்டதையும் சொன்னாள். அம்மா திட்டுவாள் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"எனக்காகத்தானேடி போட்ட" என்றாள் அம்மா. அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

அதன் பிறகு எந்தப் பக்கத்துக்கும் அவள் படப் பூட்டுப் போடுவதில்லை. மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றுக் கட்டத்தை வைப்பாள். நிரல்கள் மட்டுமே அதை நிரப்பி மாட்டிக்கொள்ளும். இந்த வழி அவளுக்கு முன்பே தெரியும். அவசரத்தில் கைக்கு வந்ததைப் போட்டிருந்தாள். அதைத்தான் அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா லாண்டரிக்காரரைக் கூப்பிடச் சொன்னாள்.

"ஐயா, எம்புள்ள உங்ககிட்ட ஏதாச்சும் பேசினானா?"

"பேச மாட்டாரும்மா. காலையில வந்து சட்டையெல்லாம் மடிச்சுக் குடுப்பாரு. காலர் ஒண்ணுகூட நலுங்காது."

அம்மா கைபேசியை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கய்யா."