மேல வரலாமா?

நம்புகிறவர்கள் நம்புங்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். அந்த அறைக்குள் மாட்டிக்கொண்டு நின்றவன் நான்தான்.

அணை பாறை போல அசையாமல் நிற்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அசையும். தண்ணீர் ஏற ஏற, ஒரு மயிரிழை முன்னால் சாயும். அந்தச் சாய்வை அளப்பதுதான் என் வேலை. அணையின் வயிற்றுக்குள் ஓர் அறை. அங்கே உச்சியிலிருந்து ஒரு கம்பி தொங்கும், நுனியில் கனமான குண்டு. கம்பி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, சுவரிலிருக்கும் போனில் மேலே சொல்ல வேண்டும். மேலே இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்வார். கடைசியில் "மேல வரலாமா?" என்று கேட்போம். "சரி, மேல வா" என்று பதில் வந்த பிறகுதான் கிளம்பலாம். இது எங்கள் பழக்கம்.

நானும் என் மச்சானும் மாறி மாறி மேலே ஒருவர், கீழே ஒருவர். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். வீட்டில் செய்யும் அதிகாரம் போதாதென்று வேலையிலும் என் தலைமேல் உட்கார்ந்திருப்பவர்.

அன்று விடாத மழை, இடி. ஏரி மளமளவென்று ஏறியது. நான் கீழே. பட்டப்பகல்தான், ஆனால் அணைக்குள்ளே ஏது பகல்?

மூன்று பத்துக்கு முதல் அளவைச் சொன்னேன். "பதினாலு."

"பதினாலு..."

குரல் கட்டியிருந்தது. பின்னால் களக் களக்கென்று ஏதோ சத்தம்.

"என்ன மச்சான், மழையில ஆட்டம் போட்டீங்களா?"

அந்தச் சத்தம் மட்டும் தொடர்ந்தது. கோபம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மூன்று நாற்பது. கம்பியைப் பார்த்தேன். போனை எடுத்தேன். வாயைத் திறக்கவே இல்லை...

"பதினாறு" என்றது குரல்.

கம்பி பதினாறில்தான் நின்றது.

போனை அப்படியே தொங்கவிட்டுக் கதவுக்கு ஓடினேன். இரும்புக் கதவு. இழுத்தேன், தள்ளினேன், தோளால் இடித்தேன். அணை சாய்ந்ததில் நிலைச்சட்டம் கதவைக் கவ்விப் பிடித்திருந்தது.

காலில் ஜில்லென்றது. கசிவு நீர் போகும் வாய்க்கால் நிரம்பி, தரையெல்லாம் தண்ணீர். கணுக்கால் வரை.

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. அவள் முகம்தான் கண்முன்னே வந்தது. இங்கேயே செத்துவிடுவேன் என்று வெட்கமில்லாமல் அழுதேன்.

தொங்கிய போனில் சத்தம். பாய்ந்து எடுத்தேன்.

"மச்சான்! கதவு மாட்டிக்கிச்சு! ஆளை அனுப்புங்க!"

"கதவு மாட்டிக்கிச்சு..." என்று திருப்பிச் சொன்னது குரல். "தண்ணி... இடுப்பு வரைக்கும்."

எனக்குக் கணுக்கால்தான்.

களக்... களக்...

"கழுத்து வரைக்கும்..."

மூச்சு வாங்கியது.

"மேல வரலாமா?"

நான் யோசிக்கவில்லை. பல வருடப் பழக்கம். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"சரி, மேல வா."

போன் அடங்கியது.

டமார்! கதவில் இடி. இன்னொன்று. கதவு பிளந்தது. கையில் கடப்பாரையோடு மச்சான்.

"என்ன மாப்ள, இடி விழுந்ததுலேருந்து உன் போன் செத்துக் கிடக்கு! ஒரு அளவுகூட வரல. பயந்துபோய் நானே இறங்கி வந்தேன்."

படியேறினோம். மச்சான் முன்னால், நான் பின்னால். எனக்குப் பின்னால் ஈரக் கால் வைக்கும் சத்தம்... சளப்... சளப்... உச்சி வரை வந்தது. நான் திரும்பவே இல்லை.

மறுநாள் லைன்மேன் வந்து ஒயரைச் சோதித்தார். மேலே போகும் ஒயர் கருகியிருந்தது. "கீழ் ரூமுக்குப் போற ஒயர் மட்டும்தான் மிச்சம்" என்றார்.

"கீழ ஏது ரூம்?" என்றேன்.

"இருந்துச்சுங்க. முதமுதலா ஏரி நிரம்பினப்ப கதவு இறுகி, அளவெடுக்கப் போனவர் உள்ளயே மூழ்கிப் போயிட்டாரு. மேல இருந்த ஆளு பயந்து, பதில் சொல்லாம ஓடிட்டானாம். அப்புறம் கான்கிரீட் போட்டு அடைச்சுட்டாங்க."

மீட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா அந்த ரூம் போன் எடுத்தபடியே கிடந்துச்சுங்க. எப்ப டெஸ்ட் பண்ணாலும் அப்படித்தான் காட்டும். இன்னிக்குப் பாத்தா... யாரோ போனைக் கீழ வச்சிருக்காங்க."