கரமடிக் கயிறு பிடித்த வாரம்

திங்கட்கிழமை காலையில் அண்ணன் போன் பண்ணினான். சனிக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வருவானாம். நான் சாமான்களையெல்லாம் கட்டி வைத்து ரெடியாக இருக்க வேண்டுமாம். வீட்டைப் பார்க்க ஓர் ஆளையும் கையோடு கூட்டி வருகிறானாம், விலையெல்லாம் அவனே பேசிக்கொள்வானாம். "போதும் பிள்ளே உனக்க கடக்கரை வாசம். இனி நம்ம வீட்டுல வந்து கிட" என்றான். அந்தக் 'கிட' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. காலமெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர்களைப் புரட்டிப் படுக்க வைத்து, தூக்கி உட்கார வைத்துச் சம்பளம் வாங்கியவள் நான். என்னைக் கிடக்கச் சொல்ல இவன் யார்?

"சனிக்கிழமை வா" என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன். ஒரு சாமானையும் தொடவில்லை.

நான் நர்ஸாக இருந்தவள். கொஞ்ச காலம் இங்கே, நெடுங்காலம் ஓமானில். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொரு பதில் வைத்திருந்தேன், இப்போது யாரும் கேட்பதில்லை. ரிட்டயர் ஆகி வந்ததும் தேங்காய்ப்பட்டணத்துக்குத் தெற்கே, கடலுக்கும் எனக்கும் நடுவே ஒரே ஒரு தென்னந்தோப்பு மட்டும் இருக்கிற மாதிரி, இந்தச் சின்ன வீட்டை வாங்கினேன். எங்கள் குடும்பம் நெய்யூர்ப் பக்கம். நாலு தலைமுறையாகப் புராட்டஸ்டன்ட் மிஷன் சபை, வாழைத் தோட்டம், உத்தியோகம். எங்கள் ஆட்களுக்குக் கடற்கரை என்றால் மீன் வருகிற இடம். மனிதர் போய்க் குடியிருக்கிற இடமல்ல. அதிலும் ஒற்றைப் பொம்பளை, அதிலும் சுற்றிலும் கத்தோலிக்கர். "கடக்கரையிலயா வாங்குன?" என்று அண்ணன் பெண்டாட்டியான மைனி கேட்டது, நான் கடலுக்குள்ளேயே போய் வாங்கிவிட்டதைப் போல இருந்தது.

எல்லாம் ஒரு தலைச்சுற்றலால் வந்த வினை. மாசியில் ஒருநாள் குளித்துக்கொண்டிருந்தபோது தலை சுற்றி விழுந்தேன். நெற்றியில் சின்ன வெட்டு. நானே எழுந்து, நானே பஞ்சு வைத்து அழுத்தி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். காதுக்குள் இருக்கும் கோளாறு, மாத்திரை சாப்பிடுங்கள், சட்டென்று எழுந்திருக்காதீர்கள் என்றார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். நான் புத்தி கெட்டுப்போய் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு அவன் சபையில் எழுந்து நின்று, கடற்கரையில் தனிமையில் வாடுகிற எங்கள் சகோதரிக்காக ஜெபியுங்கள் என்று குறிப்புக் கொடுத்துவிட்டான். யார் வாடினது? எடை கூடியிருக்கிறது என்று டாக்டர் திட்டிக்கொண்டிருக்கிறார்.

ஜெபக் குறிப்பு போனால் சும்மா விடுவார்களா? சபையின் பெண்கள் ஐக்கியம் ஒரு வேன் நிறைய வந்து இறங்கியது. லெந்து என்கிற தவக்காலம். எங்கள் சபையில் பலர் ஈஸ்டர் வரைக்கும் மீனும் இறைச்சியும் தொடமாட்டார்கள். என் அடுப்பிலோ நெத்தோலி, தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடி உருக்கமாக எனக்காக ஜெபித்துக்கொண்டிருந்த அம்மா நடுவில் நிறுத்தி மூக்கால் நன்றாக ஒருமுறை இழுத்தார். ஆமென் சொல்லும்போது எல்லார் முகமும் அடுக்களைப் பக்கம் திரும்பியிருந்தது. நான் இந்த லெந்துவில் விட்டது ஒன்றே ஒன்றைத்தான், அண்ணனுடைய போனை எடுப்பதை. அதையும் அந்தத் திங்கட்கிழமை ஓர்மை கெட்டு எடுத்துத் தொலைத்தேன்.

சரி, சனிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறதே. என்னவெல்லாம் செய்யக்கூடாது என்று அவர்கள் சொல்லியிருந்தார்களோ அதையெல்லாம் செய்துவிடுவது என்று முடிவு பண்ணினேன்.

முதலில் கடல் குளி. பங்குனி மாதத்துக் காலையில் எங்கள் கரையில் கடல் சாதுவாக இருக்கும். நான் நீச்சல் ஒன்றும் அடிக்கமாட்டேன். பழைய சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அலை வந்து முடிகிற இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அலை இடுப்பு வரை வரும், போகும்போது அடியிலிருக்கும் மணலை அரித்துக்கொண்டு போகும், நான் கொஞ்சம் புதைவேன். அவ்வளவுதான் குளி. பக்கத்து வீட்டுக்காரி மீன் விற்கிறவள், என்னைவிடப் பத்து வயது குறைவு. அவளும் துணைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, தலை சுத்திச்சுன்னா எனக்க சேலையைப் பிடிக்கணும், கேட்டியளா. முடியைப் பிடிக்கப்பிடாது. இருக்கதே கொஞ்சம்" என்றாள்.

இருவரும் சிரித்ததில் அடுத்த அலை வாய்க்குள் போய்விட்டது. வீட்டுக்கு வந்து உப்பைக் கழுவாமலேயே பழங்கஞ்சியும் சுட்ட கருவாடும் சாப்பிட்டேன். மதியம் வரைக்கும் தோலில் உப்பு கரகரவென்று இருந்தது, எனக்கு அது பிடிக்கும்.

அக்கானிக்காரர் பைக்கில் கேனைக் கட்டிக்கொண்டு வருவார். அன்றைக்குப் பனையிலிருந்து இறக்கின பதநீர்தான் அக்கானி. ஓலைப் பட்டையைக் கோலி நீட்டினால் நிறைய ஊற்றுவார். சுகர் ஓரத்தில் நிற்கிறது என்று எனக்கும் தெரியும், ஆயிரம் பேருக்கு ஊசி போட்ட கை இது. அன்றைக்கு இரண்டு பட்டை குடித்தேன். தோப்பில் உதிர்ந்த கொல்லாம்பழத்தை, அதான் முந்திரிப்பழத்தை, உப்புத் தொட்டுத் தின்று தொண்டை காறி, சாறு சொட்டிச் சட்டையில் கறை பிடித்தது. போகாத கறை. போகாவிட்டால் இருக்கட்டும், நான் எந்த மேட்ரனிடம் காட்டப் போகிறேன்?

நடுவில் ஒருநாள் பஸ் மாறி மாறி வட்டக்கோட்டைக்குப் போனேன். ஒரு காரியமும் இல்லை. கோட்டை மதிலில் ஏறி உட்கார்ந்து நிலக்கடலை தின்றேன். வெயில் சாயும் வரை அசையவில்லை. செல்பி எடுக்க வந்த ஒரு ஜோடி, "ஆன்ட்டி, தனியாவா வந்திருக்கீங்க?" என்று பாவமாகக் கேட்டது. ஆமாம், கூட்டம் பிடிக்காது என்றேன். சட்டென்று நகர்ந்து போய்விட்டார்கள்.

இதெல்லாம் பெரிய காரியங்களா என்றால் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் ராத்திரி படுக்கும்போது, இது போய்விடுமே என்று இருந்தது. வாயால் வீரம் பேசலாம். அண்ணன் எனக்கு அப்பா ஸ்தானத்தில் இருந்து படிக்க வைத்தவன். அவன் நேரில் வந்து நின்று, வா என்று கையைப் பிடித்தால் நான் போய்விடுவேனோ என்று எனக்கே என்மேல் பயமாக இருந்தது.

சனிக்கிழமை விடியற்காலையில் கரையில் கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுக்கிற வேலை. இளவட்டமெல்லாம் வளைகுடாவுக்கும் விசைப்படகுக்கும் போய்விட்டது. கரையில் நின்றது அதிகமும் வயதானவர்கள், அன்றைக்கு அதிலும் ஆள் குறைவு. வலைக்குச் சொந்தக்காரரான பெரியவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "சும்மா நிக்கியளே, பிடிங்க அக்கா" என்றார். எனக்கு அவர் அப்பா வயது. ஆனாலும் அக்காதான்.

பிடித்தேன். இழுத்துக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். தலை சுற்றுமோ என்று பயந்தேன், சுற்றவில்லை. உள்ளங்கை எரிந்தது. கயிற்றில் கை வைத்தவர், மீன் சேரும் வலைப் பையான மடி கரையேறும்வரை போகக்கூடாது என்பது அங்கே முறை. ஒரு பக்கம் இழுவை குறைந்தால் மடி கோணிக்கொள்ளும், மீன் தப்பிவிடும்.

பாதி இழுத்திருப்போம். வெள்ளை வேட்டியும் செருப்பும் குடையுமாக அண்ணன் மணலில் கால் புதைய வந்துகொண்டிருந்தான். பின்னால் வீடு வாங்க வந்த ஆள்.

"ஏட்டி, என்ன செய்யிய நீ?"

"இழுக்கேன்."

"உனக்கு வட்டு பிடிச்சிருக்கா? விடு அதை. ஆளு வந்து நிக்காரு."

"மடி வரட்டும் அண்ணா."

"எப்ப வரும்?"

எனக்கு முன்னால் நின்று இழுத்தவர் திரும்பாமலே, "அது மடிக்கில்லா தெரியும் அண்ணாச்சி" என்றார். கயிறு முழுக்கச் சிரிப்பு ஓடியது. அண்ணன் தென்னை நிழலில் போய் நின்றான். வாழ்க்கையில் முதல்தடவையாக அவன் எனக்காகக் காத்து நின்றான். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் கூடுதல். வெயில் ஏறியது. வீடு வாங்க வந்தவர் மணிக்கட்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார், கடைசியில் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

மடி ஏறியது. சாளையும் காரலும், கொஞ்சம் அயிலை. விற்கிறது போக, இழுத்தவர்களுக்குப் பங்கு வைத்தார்கள். பெரியவர் ஒரு குவியலைக் காட்டி, "இது தோப்பு வீட்டு அக்காக்குப் பங்கு" என்றார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவரிடம் நீட்டினான். சந்தையில் மீன் வாங்கியே பழகின எங்கள் ஆட்களுக்கு இந்தப் புத்திதான் வரும்.

"பங்குக்கு விலை கிடையாது அண்ணாச்சி. இழுத்த ஆளுக்கு உள்ளது" என்றார் பெரியவர். கோபமே இல்லாமல்தான் சொன்னார். அண்ணன் நோட்டை மடித்து உள்ளே வைத்தான்.

வீட்டுக்கு வந்து அவனுக்குப் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தேன். மீனைச் சட்டியில் போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். கட்டாத சாமான்களை அவன் சுற்றிலும் பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை.

"உனக்க ரூமு ரெடியாக்கியாச்சு பிள்ளே. வெள்ளை அடிச்சு, புது கட்டிலு போட்டு. பாத்ரூமு உள்ளயே இருக்கு. பிடிச்சு நடக்கதுக்கு கம்பியும் வச்சிருக்கு" என்றான்.

இவ்வளவும் எனக்காகச் செய்திருக்கிறானே. சரி போவோம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"கதவுல உள்பக்கத்துக் கொண்டியை மட்டும் எடுத்துட்டேன். நீ விழுந்து கிடந்தா நாங்க உள்ள வரண்டாமா?"

"பாத்ரூமுக்குமா?"

"ரண்டுக்கும்தான்."

பெருமையாகத்தான் சொன்னான், யோசித்துச் செய்த நல்ல காரியம் என்று. நர்ஸிங் படிக்கும்போது ஹாஸ்டல் வார்டன் எந்த நேரமும் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார். ஓமானில் குவார்ட்டர்ஸ் சாவி மேட்ரன் கையில் இருந்தது, டியூட்டி முடிந்து வரும் மற்றவர்களுக்காக அறையைப் பூட்டவே கூடாது. உடை மாற்றும்போதுகூட ஒரு காதை வாசலில் வைத்திருந்தே வயதாகிப்போனவள் நான். என் கதவுக்கு நானே கொண்டி போட்டது இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான். அங்கே அதை ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி எடுத்துவிட்டு என்னை அன்பாகக் கூப்பிடுகிறான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவு கோபம்.

"நான் வரல்ல அண்ணா" என்றேன். "வீட்டையும் குடுக்க மாட்டேன்."

"அன்னைக்கு விழுந்தது ஓர்மை இல்லியா?"

"இருக்கு. அன்னைக்கும் கொண்டி போட்டுத்தான் குளிச்சேன். நானேதான் எழும்பித் திறந்தேன்."

"அடுத்தால திறக்க முடியாட்டி?"

"வெளிச்சம் வந்த பெறவும் நான் கதவைத் திறக்கலைன்னா உடைச்சிட்டு வரணும்னு பக்கத்து வீட்டுக்காரிக்கிட்ட பறஞ்சு வச்சிருக்கேன். அவ வீட்டுல கோடாலி இருக்கு."

"செத்துக் கிடந்தா?"

"கிடந்தா எனக்க வீட்டுல கிடக்கேன்."

அவன் சாயா கிளாஸைக் கீழே வைத்தான். முகம் சுருங்கிப்போயிருந்தது. அவனுக்கும் வயதாகிவிட்டது, அதை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

"எங்கள வேண்டாமா பிள்ளே உனக்கு?"

"வேணும். யாரு வேண்டாம்னு சொன்னா? ஈஸ்டருக்கு வந்து ரண்டு நாளு நிக்கேன். மைனி கறிக்கு நான் மீனு கொண்டு வாறேன். ஆனா நான் வாறதுக்கு முந்தி அந்தக் கொண்டியைத் திரும்பப் பிடிப்பிச்சு வை. இல்லைன்னா சாயங்காலம் பஸ்ஸுக்குத் திரும்பிருவேன்."

அவன் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். படியில் நின்று செருப்பிலிருந்த மணலைத் தட்டினான், நிறைய நேரம் தட்டினான். நான் என்னவாவது சொல்வேன் என்று நினைத்திருப்பான். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். பட்டப்பகல்தான், அவன் இன்னும் படியில்தான் நின்றான், அவன் காதில் நன்றாக விழும்படி உள்ளே கொண்டியைப் போட்டேன்.