உப்பில்லாத சாம்பாரும் எங்கள் போர் தண்ணீரும்

டாக்டரம்மா சொன்னதிலிருந்து எங்கள் வீட்டுச் சாம்பாரில் உப்பு கிடையாது. ஏழாவது மாதத்தில் மனைவிக்குப் பிரஷர் ஏறியிருந்தது. ஊறுகாய், கருவாடு எல்லாம் வீட்டைவிட்டே போயின. அடுத்த முறை போனபோதும் பிரஷர் இறங்கவில்லை, கால் வீக்கம்தான் கூடியிருந்தது. "குடிக்கிற தண்ணி எப்படி?" என்று டாக்டரம்மா கேட்டார்.

திருவிடந்தையில் எங்கள் தெரு கேன் தண்ணீர் வாங்காத தெரு. குடிப்பதும் சமைப்பதும் போர் தண்ணீரில்தான். கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் போர் தண்ணீர் இளநீர் மாதிரி என்று எல்லோருக்கும் பெருமை. எனக்கும்தான்.

பொத்தேரி பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு வேலை. அங்கே தண்ணீரின் உப்பை நாக்கால் பார்ப்பதில்லை. பேனா அளவு கண்டக்டிவிட்டி மீட்டரை முக்குவோம். உப்பு கூடக்கூட தண்ணீரில் மின்சாரம் சுலபமாக ஓடும், எண்ணும் ஏறும். கேட்டு அதை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

சாயங்காலம் மோட்டாரைப் போட்டு, பக்கெட் நிறைந்ததும் முக்கினேன். ஆயிரத்து எண்ணூறு. குடிப்பதற்கு அதுவே அதிகம். மீட்டர் பொய் சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டு, ஆய்வகத்திலிருந்து கூடவே கொண்டுவந்த, உப்பளவு தெரிந்த கரைசலில் முக்கினேன். பாழாய்ப்போனது, சரியாகத்தான் காட்டியது.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம். ஒரு வீட்டில் மோட்டார் சத்தம் கேட்டால் போதும், தொட்டி நிறைந்திருந்தாலும் மற்றவர்களும் போட்டுவிடுவார்கள். அவன் ஒருத்தனே இழுத்துக்கொண்டு போய்விடுவானோ என்ற பயம். அன்றும் வரிசையாக எல்லா மோட்டாரும் உறுமின. பூமிக்குள் மேலே நிற்கும் நல்ல தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அடியில் கிடக்கும் கடல் தண்ணீர் மேலே ஏறும். பக்கெட்டைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்து முக்கினேன். எண் இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது.

"மோட்டார நிறுத்து!" என்று கத்தினேன்.

"இன்னாங்க நீங்க? எல்லாரும் போட்டுகினு கீறாங்க. நாம நிறுத்துனா அவங்க நிறுத்திடுவாங்களா?" என்றாள் மனைவி.

நானே ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். மற்ற வீடுகளில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

திரும்புவதற்குள் அவள் அந்தப் பக்கெட்டிலிருந்தே ஒரு சொம்பு மொண்டு குடித்துவிட்டாள். பதறிப்போய்ப் பிடுங்கினேன். அவள் சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எதுக்கு இப்டி பயந்துகினு கீறீங்க? நம்ம சாம்பார் மாதிரிதான் கீது. உப்பே இல்ல."