ஐந்தாவது தலை

என் மூளை இன்னும் பச்சை மண்தான். சூளையில் வைத்து எடுக்க மறந்துவிட்டார்கள். இல்லாவிட்டால் இன்னொருவருடைய தாத்தாவின் மாலையில் நானாக ஒரு தலையைச் சேர்த்திருப்பேனா?

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. எஸ்டிடி பூத்துகளெல்லாம் செல்போன் கடைகளாக மாறிக்கொண்டிருந்த சமயம். என் மச்சான், மனைவியின் தம்பி, ராணுவத்தில் இருந்தான். தன் கல்யாணத்துக்கு, கூட வேலை பார்க்கும் நாகாலாந்துத் தம்பி ஒருவரையும் அழைத்து வந்தான். வேப்பூரில் பஸ் மாறிய நெரிசலில் பை நசுங்கி, அந்தத் தம்பி கொண்டுவந்த மாலையின் நூல் அறுந்துவிட்டது.

சிவப்புப் பாசிமணிகள். நடுவில் கட்டைவிரல் அகலத்தில் வரிசையாக நான்கு பித்தளைத் தலைகள். சினேகிதன் கல்யாணத்தில் இதைப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து வா என்று தாத்தா கொடுத்தனுப்பினாராம்.

"குடுங்க தம்பி. கோக்கிற வேலயெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு" என்று வாங்கிக்கொண்டேன்.

பட்டறையில் வைத்து எண்ணினால் நான்கு. கல்யாண வீட்டில் இரட்டைப்படையா? வரிசைத்தட்டு முதல் மொய் வரை ஒற்றைப்படையில் வைக்கிறவர்கள் நாம். வெளியூர்ப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று பரிதாபப்பட்டேன். களிமண்ணில் ஐந்தாவது தலையைப் பிடித்து, பொம்மைகளோடு சுட்டு எடுத்து, பித்தளை நிறத்தில் பெயிண்ட் அடித்தேன்.

பக்கத்தில் வேலை செய்த அக்கா எட்டிப் பார்த்தார். "மூக்கு உன் மூக்காட்டமே சப்பையா இருக்குதே!"

எனக்குப் பெருமை வேறு.

முகூர்த்தத்தன்று மண்டபத்தில், மாப்பிள்ளை அறைக்கே போய் மாலையை நீட்டினேன். தம்பி கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தலையாக விரலால் தடவினார். ஐந்தாவதில் விரல் நின்றது. மாலையைக் கழற்றிவிட்டு, மச்சானிடம் இந்தியில் ஏதோ சொன்னார்.

"மாமா, இது என்னா?" என்றான் மச்சான்.

"ஒத்தப்படையா இருக்கட்டுமேன்னு..."

"அய்யோ மாமா! ஒவ்வொரு தலையும் இவங்க தாத்தா அந்தக் காலத்து ஊர்ச்சண்டையில எடுத்த ஒரு உசுரு. எடுத்தவருதான் இதப் போடலாம், இல்ல அவரு வாரிசு போடலாம். ஒண்ணு சேத்தா, செய்யாத கொலைய செஞ்சதா சொல்ற மாதிரி."

"அப்ப நான் தாத்தா கணக்குல ஒரு கொலைய ஏத்திவுட்டுட்டனா?" என்று இளித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

தம்பிதான், முகாமில் மச்சானிடம் கற்ற தமிழில் மெதுவாகச் சொன்னார்: "தாத்தா இப்ப சர்ச்சுக்குப் போறாரு அண்ணா. ஞாயித்துக்கிழம அந்த நாலு பேருக்கும் ஜெபம் பண்றாரு. போட்டோ பாத்தா, மொதல்ல தலயத்தான் எண்ணுவாரு."

யாரோ நான்கு பேர், அவர்களுக்கும் வீடு வாசல் இருந்திருக்கும். ஒரு கிழவர் அவர்களை வாரந்தோறும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானோ வரிசைத்தட்டில் வாழைப்பழம் கூட்டுகிற மாதிரி அவர்களோடு ஒன்றைக் கூட்டியிருக்கிறேன்.

வெளியே போட்டோக்காரர் கதவைத் தட்டினார். நூலை அறுத்தேன். மணிகள் கட்டிலுக்கடியில் ஓடின. புது வேட்டியோடு தவழ்ந்து பொறுக்கி, நான்கு தலைகளை மட்டும் கோத்துக் கொடுத்தேன். தம்பி மறுபடியும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டார். அவர் எண்ணுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

என் உள்ளங்கையில், என் மூக்கோடு, அந்த ஐந்தாவது தலை கிடந்தது.

"இந்தக் கருமத்த ஒடச்சுத் தூக்கிப் போட்டுடறேன் தம்பி."

அவர் அதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதுக்குண்ணா? இந்த ஆளு இன்னும் உசுரோடதானே இருக்காரு."